இருவர் கண்ட லிஸ்பன்

நுழையும்முன்

பழமையான நகரொன்றைக் காணச் செல்வோர் அங்குள்ள கட்டடங்களின் அழகில் மனம் தோய்கின்றனர். அக்கட்டடங்கள் எழுந்த வரலாற்றையும் அறியும்போது, கண்ட காட்சி சிந்தனையாக வளர்கிறது. ஐரோப்பாவின் மேற்கு விளிம்பிலுள்ள லிஸ்பன் நகரில் தோழியர் இருவர் கழித்த மூன்று நாள்களை இக்கட்டுரை கூறுகிறது.

குன்றும் கரையும்

போர்ச்சுகல் நாட்டின் தலைநகர் லிஸ்பன். டேகஸ் ஆறு அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் குன்றுகளின்மேல் அது அமைந்துள்ளது. ரோமானியர் ஆண்ட காலத்திலேயே அது பெயர்பெற்ற துறைமுகமாக விளங்கியது. பின்னர் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் மூர் எனப்படும் இசுலாமியர் ஆட்சியில் இருந்தது. 1147ஆம் ஆண்டு அபோன்சோ என்ற மன்னர் சிலுவைப் போர் வீரர்களின் துணையோடு அந்நகரை வென்றார். இன்றும் குன்றின் உச்சியில் நிற்கும் கோட்டை அப்போரைக் கண்ட கோட்டையே ஆகும்.

மே மாத விடுமுறையில் இந்நகரைக் காண வந்தனர் தோழியர் இருவர். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்து, ஒரே பள்ளியில் பயின்றவர்கள். ஒருவர் கட்டடப் பொறியாளர், செருமனியில் பணிபுரிகிறார். மற்றவர் வரலாற்று ஆசிரியை. பிறந்த ஊருக்கு அருகிலேயே மேல்நிலைப் பள்ளியில் கற்பிக்கிறார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அவர்களது ஊரைத் தாக்கியபோது இருவரும் பத்தாம் வகுப்பு மாணவியர். கடலை ஒட்டியிருந்த வீட்டு வரிசை அன்று காலையில் இல்லாமற்போனது. அந்த வரிசையில் அவர்களுடைய வகுப்புத் தோழியர் சிலரின் வீடுகளும் இருந்தன. ஒருவர் கட்டடம் கட்டவும் மற்றவர் வரலாறு கற்பிக்கவும் சென்றமைக்கு அந்தக் காலைப்பொழுதே காரணம் என்று ஊரார் சொல்வதுண்டு. அவர்கள் இருவரும் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

பயணத்திற்கு முன்பே அவர்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். முதல் நாள் பொறியாளர் அழைத்துச் செல்லும் இடங்களுக்கு ஆசிரியை மறுப்பின்றி வரவேண்டும். இரண்டாம் நாள் ஆசிரியை காட்டும் இடங்களுக்குப் பொறியாளர் வரவேண்டும். மூன்றாம் நாளை இருவரும் கலந்துபேசி முடிவு செய்வது.

விடுதியில் அறையைத் திறந்துவிட்ட மூதாட்டி, திறவுகோலைக் கையில் கொடுத்து ஏதோ சொன்னார். அந்தப் பேச்சில் ஒரு சொல் மட்டும் இருவர் காதிலும் தெளிவாக விழுந்தது. திறவுகோலைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல் அது. தமிழில் நாம் வழங்கும் ‘சாவி’ அதிலிருந்து வந்ததே. அறைக்குள் இருந்த மேசையும் அலமாரியும், தெருவை நோக்கித் திறந்த ஜன்னலும் அவ்வாறே வந்த சொற்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய உறவு ஒன்று, நாள்தோறும் புழங்கும் பொருள்களின் பெயர்களில் தங்கியிருப்பதை அவர்கள் வந்திறங்கிய முதல் நாழிகையிலேயே உணர்ந்தனர்.

இடிந்ததும் எழுந்ததும்

முதல் நாள் காலையில் மஞ்சள் நிற டிராம் வண்டியில் அவர்கள் பழைய நகருக்குச் சென்றனர். இருபுறமும் சுவர்கள் உரசுவதுபோல் நெருங்கிநின்ற சந்துகளில் அவ்வண்டி வளைந்து வளைந்து மேடேறியது. அல்பாமா என்னும் அப்பகுதியின் பெயரே அரபுமொழிச் சொல்லிலிருந்து தோன்றியது. படிக்கட்டுத் தெருக்கள், ஜன்னலுக்கு வெளியே உலரும் துணிகள், வாசலில் மீன் சுடும் புகை ஆகியவற்றைக் கண்ட ஆசிரியைக்குத் தம் ஊர்த் தெருவில் நடப்பதுபோல் இருந்தது.

குன்றிலிருந்து இறங்கியதும் காட்சி முற்றிலும் மாறியது. பைஷா எனப்படும் தாழ்நகரில் தெருக்கள் அளவுகோல் வைத்து வரைந்தவைபோல் நேராக ஓடின. வீடுகள் ஒரே உயரமும் ஒரே முகப்பும் கொண்டு நின்றன. பொற்கொல்லர், வெள்ளி வேலை செய்வோர், காலணி தைப்போர், துணி வணிகர் எனத் தொழில்களின் பெயர்களையே தெருக்கள் தாங்கியிருந்தன.

“அரை மணி நேர நடையில் இரண்டு நகரங்கள். இதற்குக் காரணம் என்ன என்று நீ கேட்கவில்லையே” என்றார் பொறியாளர்.

காரணம் 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள். அன்று புனிதர் அனைவரின் திருநாள். காலையில் தேவாலயங்கள் மக்களால் நிறைந்திருந்தன. பீடங்களில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. அந்நேரத்தில் கடலடியில் தோன்றிய பெரும் நிலநடுக்கம் நகரை உலுக்கியது. கூரைகள் சரிந்தன. உயிர்பிழைத்தோர் திறந்தவெளியை நாடி ஆற்றங்கரைக்கு ஓடினர். அங்கே நீர் உள்வாங்கி ஆற்றின் அடித்தளம் வெளிப்பட்டிருந்தது. சிறிது நேரத்தில் ஆழிப்பேரலை கரையேறி அங்கிருந்தோரை வாரிச்சென்றது. கவிழ்ந்த விளக்குகளாலும் அடுப்புகளாலும் மூண்ட தீ பல நாள்கள் எரிந்தது. அரண்மனையும் அரச நூலகமும் அழிந்தன. அவ்வாண்டில்தான் திறக்கப்பட்டிருந்த இசைநாடக அரங்கமும் அழிந்தது. மாண்டவர் பல்லாயிரவர்.

நீர் உள்வாங்கியது என்ற சொற்களைக் கேட்டதும் ஆசிரியை நின்றுவிட்டார். பொறியாளரும் சற்று நேரம் பேசவில்லை. அவ்வாறு வெளிப்பட்ட கடலடியை அவர்கள் இருவரும் பத்தாம் வகுப்பில் தம் கண்களாலேயே கண்டவர்கள்.

பின்னர்ப் பொறியாளர் தாம் காட்ட விரும்பியதைக் காட்டினார். மன்னர் யோசே அதன்பின் கல் கூரையின்கீழ் உறங்க அஞ்சி, மரத்தால் ஆன மாளிகையில் வாழ்ந்தார். ஆட்சிப் பொறுப்பு அவருடைய அமைச்சரின் கைக்கு வந்தது. பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று அழைக்கப்பட்டவர் அவரே. இறந்தோரை விரைந்து அடக்கம் செய்தல், உணவுப்பொருள்களின் விலை ஏறாமல் காத்தல், கொள்ளையரை ஒடுக்குதல் ஆகியவற்றை அவர் உடனே மேற்கொண்டார். படைத்துறைப் பொறியாளர்களைக் கொண்டு தாழ்நகரைப் புதிதாக வரையச் செய்தார்.

அவர்கள் கட்டிய வீடுகளின் சிறப்பு சுவருக்குள் மறைந்திருக்கிறது. முதலில் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்கள் பிணைத்து ஒரு கூண்டு அமைப்பர்; அதன் இடைவெளிகளில் கல்லையும் காரையையும் நிரப்புவர். நிலம் அசைந்தால் மரக்கூண்டு வளைந்துகொடுக்கும். வீடு முழுதும் சரியாது. போர்ச்சுகீசியர் இதனைக் ‘கயோலா’ என்றனர். கூண்டு என்பதே அச்சொல்லின் பொருள். இக்கூண்டின் மாதிரியை நட்டு, படைவீரர்களை அதைச் சுற்றி ஓங்கி நடக்கச் செய்து சோதித்தனர் என்பர். ஒரு வீட்டின் தீ அடுத்த வீட்டிற்குப் பரவாதிருக்க, இடையிலுள்ள சுவரைக் கூரைக்கு மேலும் உயர்த்தினர். ஈர நிலத்தில் மரத்தூண்களை அறைந்து அவற்றின்மேல் அடித்தளம் இட்டனர்.

அமைச்சர் மற்றொன்றும் செய்தார். நாடெங்குமுள்ள பங்குகளுக்கு ஒரு வினாப்பட்டியலை அனுப்பினார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் உயர்ந்ததா, தாழ்ந்ததா? எத்தனை வீடுகள் இடிந்தன? எத்தனை பேர் இறந்தனர்? பேரழிவைத் தெய்வத்தின் சினம் என்று மட்டும் பலர் விளக்கிய காலத்தில் எழுந்த இவ்வினாக்களை, நிலநடுக்கவியலின் தொடக்கப் படிகளுள் ஒன்றாக அறிஞர் கருதுகின்றனர்.

“இடிந்த இடத்தில் நின்று அழுதவர்கள், இனி இடியாமல் கட்டுவது எப்படி என்றும் கேட்டார்கள். இந்நகரத்தில் எனக்குப் பிடித்தது அதுதான்” என்றார் பொறியாளர்.

“அந்த அமைச்சர் தம்மை எதிர்த்த உயர்குடியினரைக் கொடுமையாகக் கொன்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்” என்றார் ஆசிரியை. பொறியாளர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

மறைக்காத தழும்புகள்

இரண்டாம் நாள் ஆசிரியையின் முறை. தாழ்நகரிலிருந்து மேல்நகருக்குச் செல்ல 1902ஆம் ஆண்டு அமைத்த இரும்பு மின்தூக்கிக் கோபுரம் ஒன்று உண்டு. அதன் வழியாக மேலே சென்றால் கார்மோ மடத்தின் தேவாலயத்தை அடையலாம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட அத்தேவாலயத்தின் கூரை 1755இல் விழுந்தது. தூண்களும் வளைவுகளும் நின்றன. பிற்காலத்தார் அதைச் சீரமைக்கத் தொடங்கி, இடையில் நிறுத்தினர். பிறகு கூரையின்றியே விட்டுவிட முடிவு செய்தனர். கல் வளைவுகளுக்கு மேலே இன்று வானம் தெரிகிறது. மக்கள் மண்டியிட்ட நடுக்கூடத்தில் புல் முளைத்திருக்கிறது.

பொறியாளர் வளைவுகளின் இணைப்புகளை நெடுநேரம் ஆராய்ந்தார். “இதற்குக் கூரை போடுவது கடினமே அன்று” என்றார்.

“அதனால்தான் போடவில்லை போலும். கூரை போட்டிருந்தால் இது இன்னொரு தேவாலயம். இப்போது இது 1755” என்று விடையளித்தார் ஆசிரியை.

மடத்தின் முன்னுள்ள சிறு சதுக்கத்தில் ஊதாநிற ஜகரண்டா மலர்கள் உதிர்ந்து கிடந்தன. 1974ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த சர்வாதிகார ஆட்சி வீழ்ந்தது இங்கேதான். ஆட்சித்தலைவர் இச்சதுக்கத்திலுள்ள படைமனையில் தஞ்சம் புகுந்திருந்தார். வீரர்களும் மக்களும் சூழ்ந்துநிற்க, அவர் அதிகாரத்தைக் கைவிட்டார். மக்கள் துப்பாக்கி முனைகளில் கார்னேசன் மலர்களைச் செருகியதால் அப்புரட்சி மலரின் பெயராலேயே வழங்குகிறது. அதன்பின் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் போர்ச்சுகல் நடத்திவந்த போர்களும் முடிவுக்கு வந்தன.

அங்கிருந்து இறங்கிப் புனித தோமினிக் தேவாலயத்திற்குச் சென்றனர். 1506ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இத்தேவாலயத்தில் தொடங்கிய வெறியாட்டத்தில், கட்டாயத்தால் கிறித்தவராக மாற்றப்பட்டிருந்த யூதர்கள் பெருந்தொகையினர் மூன்று நாள்களில் கொல்லப்பட்டனர். வெளியே முற்றத்தில் அவர்களுக்கான நினைவுச்சின்னம் நிற்கிறது. யூதரின் ஆறுமுனை விண்மீன் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 2008இல்தான் அது நிறுவப்பட்டது. தேவாலயத்தின் உள்ளே, 1959இல் நேர்ந்த தீவிபத்தில் வெடித்துக் கருகிய தூண்களை அப்படியே விட்டுவைத்திருக்கின்றனர். செந்நிறம் பூசிய கூரையின்கீழ் அத்தூண்கள் ஆறாத புண்போல் தோன்றுகின்றன. அவற்றினிடையே அமர்ந்து முதியோர் சிலர் செபித்துக்கொண்டிருந்தனர்.

வெளியே வந்தபின் பொறியாளர் மெல்லக் கேட்டார்: “நம் ஊரில் நாம் எதை விட்டுவைத்தோம்?”

ஆசிரியை எண்ணிப் பார்த்தார். புதிய குடியிருப்பு உள்நிலத்தில் எழுந்துவிட்டது. தூண்டில் வளைவு கட்டப்பட்டுள்ளது. பழைய வீட்டு வரிசை இருந்த இடத்தில் வலைகள் உலர்கின்றன. கல்லறைத் தோட்டத்தின் அருகே பெயர்கள் பொறித்த கல் ஒன்று மட்டும் உண்டு. “பெயர்களை விட்டுவைத்தோம்” என்றார். அதற்கு மேல் அவர்கள் அன்று அதைப் பற்றிப் பேசவில்லை.

பெலெம் துறை

மூன்றாம் நாளில்தான் உடன்படிக்கை இடர்ப்பட்டது. நகரின் மேற்கே உள்ள பெலெம் துறைக்குச் செல்ல வேண்டும் என்றார் பொறியாளர். லிஸ்பனுக்கு வருவோர் தவறாமல் காணும் இடம் அது. ஆசிரியைக்கோ மனம் ஒப்பவில்லை. 1497ஆம் ஆண்டு சூலை மாதம் வாஸ்கோ ட காமா கப்பலேறிய துறை அது. அவர் மறு ஆண்டு மே மாதம் கோழிக்கோட்டை அடைந்ததையும், இரண்டாம் பயணத்தில் மெக்காவிலிருந்து திரும்பிய பயணியர் கப்பலைத் தீக்கிரையாக்கியதையும் ஆண்டுதோறும் வகுப்பில் கற்பிப்பவர் அவர். “புகழ்ச்சிக்காகக் கட்டிய இடத்தை நான் புகழ்ச்சியின்றிப் பார்க்க முடியுமா?” என்று கேட்டார். “புகழவேண்டாம், பார்” என்றார் தோழி.

ஆற்றை நோக்கி நின்றது 1960இல் கட்டிய நினைவுச்சின்னம். கப்பலின் முன்பகுதி போன்ற அதன் இருபுறமும் மாலுமிகள், அரசர்கள், துறவிகள் என முப்பத்து மூன்று உருவங்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று பிரான்சிஸ் சேவியரின் உருவம். தம் ஊர்க் கடற்கரையில் மக்கள் சவேரியார் என்று வணங்கும் அவரை இங்கே கல்லில் கண்டபோது ஆசிரியை வியந்தார். எனினும், கப்பல்கள் ஏற்றிவந்த மிளகும் தங்கமும் எங்கிருந்து வந்தன என்பதை அச்சின்னம் சொல்லவில்லை. ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச்சென்ற கப்பல்களைப் பற்றியும் அதன் முகத்தில் ஒன்றுமில்லை.

“இக்கரையில் நிற்பவர்க்கு இது புறப்பாடு. நம் கரையில் நிற்பவர்க்கு இது வருகை. ஒரே கப்பல்தான்” என்றார் ஆசிரியை.

எதிரிலுள்ள ஜெரோனிமோஸ் மடம் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழத் தொடங்கியது. பணி முடிய ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. 1755இன் நடுக்கத்தையும் அது பெரும் சேதமின்றித் தாங்கியது. அதன் உள்முற்றத்தில் நுழைந்தபோது இருவரும் பேச்சிழந்தனர். வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லில் கப்பற் கயிறுகளும் முடிச்சுகளும் கடற்பாசியும் கொடிகளும் செதுக்கப்பட்டிருந்தன. ஒரு தூணைப்போல் மறுதூண் இல்லை.

“இதைச் செதுக்கிய சிற்பி மாலுமியும் அல்லர், அரசரும் அல்லர். ஒரு கயிறு எப்படி முறுக்கிக்கொள்ளும் என்பதை உற்றுப்பார்த்த தொழிலாளி. அவரையும் நீ வெறுக்கிறாயா?” என்று கேட்டார் பொறியாளர்.

“அவரை வெறுக்கவில்லை. ஆனால் அவருடைய கூலி எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்க, ஆசிய வாணிகத்தின்மீது விதித்த வரியிலிருந்துதானே? நம் மிளகும் அதில் உண்டு.”

இருவர் கூற்றும் உண்மையே; ஆதலால் எவரும் விட்டுக்கொடுக்கவில்லை. தேவாலயத்தினுள் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருந்தது. அவர் 1524ஆம் ஆண்டு கொச்சியில் இறந்து, முதலில் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பின்னரே அவரது உடலின் எச்சங்கள் போர்ச்சுகலுக்குக் கொண்டுவரப்பட்டன. கல்லறைக்கு முன் பலரும் ஒளிப்படம் எடுத்துக்கொண்டிருந்தனர். ஆசிரியை எடுக்கவில்லை, தோழியும் எடுக்கவில்லை.

மொழியின் சுவடு

மடத்திலிருந்து வெளியே வந்து, மரநிழலில் அமர்ந்து, பெலெமின் பெயர்பெற்ற முட்டைப்பாலாடை அப்பத்தை உண்டபோது, ஆசிரியை இதுவரை சொல்லாத செய்தி ஒன்றைத் தோழியிடம் கூறினார்.

தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறியது இந்த லிஸ்பன் நகரில்தான். 1554ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘கார்டிலா’ என்னும் சிறுநூல் இங்கே அச்சிடப்பட்டது. கிறித்தவச் செபங்களைக் கற்பிக்கும் அந்நூலில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்துகளில் அமைந்திருந்தன. உடன் போர்ச்சுகீசியப் பொருளும் தரப்பட்டிருந்தது. மன்னரின் ஆணையால் வெளிவந்த அதனை உருவாக்கியோர் வின்சென்ட் நாசரேத், ஜார்ஜ் கார்வாலோ, தோமா குரூஸ் என்னும் தமிழர் மூவர். திருமுழுக்கின்போது பெற்ற அப்பெயர்களாலேயே அவர்களை உலகம் அறியும். தமிழ் எழுத்துகளிலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. கார்டிலாவின் படியொன்று பெலெமில் உள்ள அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. அன்று அதனைக் காணும் வாய்ப்பு அவர்களுக்கு அமையவில்லை.

“நூலின் நோக்கம் தமிழை வளர்ப்பது அன்று; சமயத்தைப் பரப்புவது. ஆயினும் எழுத்துகளைக் கோத்த அச்சுக்காரருக்கு அருகில் அம்மூவரும் நின்று, ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் திருத்திக்கொடுத்திருப்பார்கள் என்று எண்ணிப்பார்க்கிறேன்” என்றார் ஆசிரியை.

பொறியாளர் ஆற்றைப் பார்த்தபடி, “அவர்கள் வந்ததும் அதே கப்பலில்தானே?” என்றார்.

ஆசிரியை நெடுநேரம் விடை கூறவில்லை. கொள்ளையும் கொடுமையும் வந்த வழியிலேயே, தாம் பெருமிதம் கொள்ளும் ஒன்றும் வந்திருக்கிறது. ஒன்றை ஏற்பதற்காக மற்றொன்றை மறக்கவேண்டியதில்லை. ஒன்றைச் சினப்பதற்காக மற்றொன்றை மறுக்கவேண்டியதுமில்லை. இரண்டையும் ஒருசேரச் சுமப்பது கடினம். அந்தக் கடினத்தைத் தோழியின் ஒரு வினா அவருக்கு எளிதாகக் காட்டிவிட்டது.

மூன்று வினாக்கள்

சூன் மாதம் பள்ளி திறந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் பிறந்த மாணவர்களே இப்போது அவருடைய வகுப்பில் அமர்ந்திருந்தனர். லிஸ்பனில் எடுத்த படங்களைக் காட்டியபின், ஆசிரியை அவர்களுக்கு ஒரு பணியைக் கொடுத்தார். தத்தம் ஊரைச் சுற்றிவந்து மூன்று வினாக்களுக்கு விடை தேட வேண்டும். இவ்வூர் எதை மீண்டும் கட்டியது? எதை இடிந்தபடியே விட்டுவைத்தது? எதைச் சொல்லாமல் விட்டது?

மாணவர்கள் முதியோரிடம் கேட்டு வந்தனர். அலைக்கு முன் கரையில் எத்தனை வீடுகள் இருந்தன, எந்த வீட்டில் யார் இருந்தனர் என்று ஒரு மாணவி தம் பாட்டியிடம் கேட்டு வரைந்துவந்த படம், வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டது. கல்லில் வெறும் பெயர்களாக இருந்தவர்கள் அப்படத்தில் தத்தம் வீடுகளுக்குத் திரும்பியிருந்தனர். ஆசிரியை அதனை ஒளிப்படம் எடுத்துச் செருமனிக்கு அனுப்பினார். மறுநாள் தோழியிடமிருந்து விடை வந்தது: “மூன்றாம் வீட்டிற்கும் நான்காம் வீட்டிற்கும் நடுவே ஒரு கிணறு இருந்தது. அதையும் வரையச் சொல்.”